முதுகு ஊசியும் அதில் சேரும் துளி மருந்தும்



இம்மாதம் ஒரு கடிதத்தோடு தொடங்குகின்றேன். எழுதியவர் வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் இருப்பவர். மூன்று வருடங்களுக்கு முன் சீசர் செய்து பெண்குழந்தை பெற்றவர். இப்போது மீண்டும் ஐந்து மாதக் கர்ப்பிணி. பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு அவர் எழுதியதைத் தருகின்றேன்.

"அக்கா, முதல் பிள்ளைக்கு முதுகில ஊசி போட்டுத்தான் சீசர் செய்தவை. வெட்டேக்கை ஒண்டும் தெரியேல்லை. பின்னேரம் விறைப்பு விட்டாப் பிறகுதான் நோ தொடங்கினது. இரவு முழுக்கப் பிள்ளையைத் தூக்கிப் பால் குடுக்கேலாமல் கிடந்தன். அம்மா, 'பிள்ளை பெத்தவள் நோவைத் தாங்கத்தானே வேணும்' எண்டு சொன்னவ. ஆனால் அடுத்த கட்டில் அக்காவுக்கும் அண்டைக்குத்தான் சீசர். அவ நோவெண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. மூக்கையும் முகத்தையும் சொறிஞ்சுகொண்டு பிள்ளைக்குப் பால் குடுத்தவ. அவவுக்கு வேறை மருந்து போட்டவையோ? காசு குடுத்தால்தான் அதைப் போடுவினமோ? எனக்கு 2009 இல காயப்பட்ட எறிகணைத் துண்டு ஒண்டு முதுகில இன்னும் கிடக்கு. அதோடை முதுகில ஊசி போட்டது பிழையோ? இந்த முறை நான் ஆரிட்டை என்ன கேக்கிறது?"

இந்தச் சகோதரியின் கேள்விகள் அவருக்கு மட்டும் உரியவை அல்ல. 2009 இல் எட்டு வயதிலும் பத்து வயதிலும் காயப்பட்ட பிள்ளைகள் இன்று தாய்மாராகி வருகிறார்கள். உடம்புக்குள் இரும்புத் துண்டோடு பிரசவ விடுதிக்குப் போகிறவர்கள் எங்கள் மத்தியில் பலர். ஆகவே இம்மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகின்றேன்.

முதலில் சுருக்கமான பதில். அடுத்த கட்டில் அக்காவுக்கு, விறைப்பு மருந்தோடு நோவைக் குறைக்கும் இன்னொரு மருந்தும் மிகச் சிறிய அளவில் முதுகு ஊசியிலேயே சேர்த்திருக்கக் கூடும். முகம் கடித்ததுகூட அந்த மருந்தின் அடையாளமே. அரச வைத்தியசாலையில் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இந்த முறை நீங்கள் அதைப் பற்றிக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

இனி விரிவாகப் பார்ப்போம்.

ஊசி எங்கே போகிறது?

சீசர் சத்திரசிகிச்சை இன்று உலகெங்கும் சாதாரணமாகி விட்டது. உலகில் ஐந்து பிரசவங்களில் ஒன்றுக்கு மேல் சீசர் மூலம் நடப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2021 இல் அறிவித்தது. இலங்கையில் இது இன்னும் அதிகம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை தாயை முழுமையாக மயக்காமல், இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்து நடத்தப்படுகின்றன. இதையே முள்ளந்தண்டு விறைப்பு என்கிறோம். தாய் விழித்திருப்பார். பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பார். முழு மயக்கத்தில் சுவாசக் குழாய் வைப்பதால் வரக்கூடிய ஆபத்துகளும் இதில் இல்லை.

முள்ளந்தண்டுக்குள் இருக்கும் முண்ணாண் என்ற நரம்புத் தொகுதி இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்து விடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே, நாரிப் பகுதியில், இரண்டு முள்ளென்புகளுக்கு இடையில். அந்த இடத்தில் தண்ணீர் நிறைந்த பை போன்ற ஓர் இடைவெளிக்குள் நரம்புகள் நூல்களைப் போல் மிதந்து கொண்டிருக்கும். மிக மெல்லிய ஊசியால் அந்த நீருக்குள் மருந்து விடப்படுகிறது. ஆகவே "முதுகு ஊசி முண்ணாணைக் குத்திவிடும்" என்ற பயம் தேவையில்லை.

"முதுகில் ஊசி போட்டால் சாகும்வரை நாரி உழைவு" என்று ஊரில் சொல்வார்கள். ஊசி குத்திய இடத்தில் சில நாட்கள் நோ இருக்கலாம். ஆனால் நீண்டகால நாரி உழைவுக்கு இந்த ஊசி காரணம் என்பதை ஆய்வுகள் காட்டவில்லை. ஊசியே போடாமல் சுகப்பிரசவம் கண்ட தாய்மாருக்கும் நாரி உழைவு வருகிறது. கர்ப்பத்தில் மூட்டுகள் தளர்வதும், பிள்ளையைத் தூக்குவதும், தண்ணீர்க் குடம் சுமப்பதும், குனிந்து பால் கொடுப்பதுமே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

முதல் மருந்து: விறைக்கச் செய்வது

முதுகு ஊசியின் பிரதான மருந்து பியூபிவக்கெயின். சீசருக்குப் பயன்படுத்தும் வகையில் குளுக்கோஸ் கலந்திருக்கும். குளுக்கோஸ் கலந்தால் அது முள்ளந்தண்டு நீரை விடப் பாரமாகி, கீழ்ப்பக்கமாகத் தங்கும். கட்டிலைச் சரித்து விறைப்பு எந்த மட்டத்துக்கு ஏற வேண்டும் என்பதை வைத்தியர் ஒழுங்கு செய்வது இதனால்தான். அளவு பெரிதல்ல. ஏறத்தாழ 2 மில்லிலீற்றர், அதாவது ஒரு சிறிய தேக்கரண்டியில் பாதிகூட இல்லை.

இந்த மருந்து நோ, தொடுகை, அசைவு எல்லாவற்றையும் கொண்டுசெல்லும் நரம்புகளை ஒருசேர அடைக்கிறது. கால் அசையாமல் போவது அதனால்தான். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் விறைப்பு விடத் தொடங்கும். விறைப்பு விட்டதும் வெட்டுக்காயத்தின் நோ முழுவதும் ஒரேயடியாக வந்து சேரும். கடிதம் எழுதிய சகோதரிக்கு நடந்தது இதுதான்.

"அப்படியானால் அதே மருந்தைக் கூடப் போட்டால் நோ வராதே?" என்று கேட்கலாம். கூடப் போட்டால் விறைப்பு மார்புக்கு மேலே ஏறி மூச்சு முட்டும், இரத்த அழுத்தம் மிகவும் இறங்கும், காலும் நெடுநேரம் அசையாது. ஆகவே முதல் மருந்தை அளவோடு நிறுத்திக்கொண்டு, வேறு விதமாக வேலை செய்யும் இன்னொரு மருந்தைச் சிறிது சேர்க்கும் முறை வந்தது.

இரண்டாவது மருந்து: நோவை மட்டும் அடக்குவது

சேர்க்கும் மருந்துகளில் முக்கியமானவை இரண்டு. இரண்டும் அபின் வகையைச் சேர்ந்தவை. ஒன்று ஃபென்ரனைல், மற்றது மோர்பின்.

முண்ணாணில், உடம்பிலிருந்து வரும் நோச் செய்தி மூளைக்கு ஏறுமுன் கடந்து செல்லும் ஒரு வாசல் உண்டு. இந்த மருந்துகள் அந்த வாசலில் போய் இருந்துகொண்டு நோச் செய்தியைத் தடுக்கின்றன. காலின் பலத்தையோ தொடுகை உணர்வையோ அவை எடுப்பதில்லை. அதனால் விறைப்பு விட்ட பிறகு தாய் காலை அசைக்கலாம், எழுந்து நடக்கலாம், ஆனால் நோ குறைவாக இருக்கும்.

இரண்டுக்கும் குணம் வேறு. ஃபென்ரனைல் கொழுப்பில் கரையும். அதனால் சில நிமிடங்களில் நரம்புக்குள் ஊறி வேலை தொடங்கிவிடும். இரண்டு தொடக்கம் நான்கு மணித்தியாலத்தில் போய்விடும். சத்திரசிகிச்சை நடக்கும்போது கருப்பையை இழுத்துத் தைக்கையில் வரும் உட்சங்கடத்தையும் ஓங்காளத்தையும் குறைக்க இது உதவும். வழமையான அளவு 10 தொடக்கம் 25 மைக்கிறோகிராம்.

மோர்பின் அப்படியல்ல. அது நீரில் கரைந்து முள்ளந்தண்டு நீரிலேயே தங்கி மெதுவாக வேலை செய்யும். தொடங்க ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும், ஆனால் 12 தொடக்கம் 24 மணித்தியாலம் வரை நிற்கும். சீசர் செய்த தாய்க்கு மிகவும் கடினமான முதல் இரவைக் கடக்க உதவுவது இதுதான். வழமையான அளவு 100 மைக்கிறோகிராம் அளவில்.

ஒரு மில்லிகிராமில் ஆயிரம் மைக்கிறோகிராம் உண்டு. ஆகவே 100 மைக்கிறோகிராம் என்பது மில்லிகிராமில் பத்தில் ஒன்று. இதே மோர்பினைத் தசையில் ஊசியாகப் போடும்போது 10 மில்லிகிராம் போடுவது வழக்கம். அதாவது முதுகில் சேர்ப்பது அதில் நூறில் ஒரு பங்கு. மிளகாய்த் தோட்டம் முழுவதற்கும் வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்கும், ஒரு கன்றின் வேரடியில் ஒரு சிரட்டை ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. மருந்து இவ்வளவு குறைவாக இருப்பதால் தாய்ப்பாலில் சேர்வதும் மிக மிகக் குறைவு. பால் கொடுக்கத் தடையில்லை.

வேறு மருந்துகளும் உலகில் பல இடங்களில் சேர்த்துப் பார்க்கப்பட்டுள்ளன. குளோனிடின் நோவைக் குறைத்தாலும் தூக்கத்தையும் இரத்த அழுத்த இறக்கத்தையும் தரக் கூடும். நியோஸ்ரிக்மின் கடுமையான சத்தியைத் தந்ததால் கைவிடப்பட்டது. எந்த மருந்தைச் சேர்த்தாலும் ஒரு விதி முக்கியமானது. பழுதாகாமல் இருப்பதற்காகக் கலக்கப்படும் இரசாயனங்கள் அதில் இருக்கக் கூடாது. அவை நரம்பைப் பாதிக்கலாம். எல்லா மோர்பின் ஊசி மருந்தையும் முதுகில் போட முடியாது என்பதற்குக் காரணம் இதுவே.

இது புதிய பரிசோதனையா?

"எங்கட பிள்ளையளை வைச்சுப் பரிசோதனை செய்யினமோ?" என்று சில தாய்மார் கேட்பதுண்டு. யுத்தத்தில் எல்லாவற்றையும் சந்தேகித்தே உயிர் தப்பியவர்களின் கேள்வி அது. ஆகவே வரலாற்றையும் சிறிது சொல்கின்றேன்.

முள்ளந்தண்டு விறைப்பின் மூலம் சத்திரசிகிச்சை செய்யும் முறையை 1898 இல் ஜேர்மனியின் கீல் நகரில் ஓகஸ்ட் பியர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தொடக்கி வைத்தார். அவரும் அவருடைய உதவி வைத்தியரும் தங்கள் உடம்பிலேயே அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1900 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் பிரசவ வேதனைக்கு இது பயன்படுத்தப்பட்டது. முண்ணாணில் நேரடியாக வைக்கும் மோர்பின் நோவை அடக்கும் என்பது 1976 இல் எலிகளில் நிரூபிக்கப்பட்டது. 1979 இல் அமெரிக்காவில் புற்றுநோய் வேதனையில் இருந்தவர்களுக்கு அது கொடுக்கப்பட்டது. அதன்பின் சீசர் தாய்மாருக்கும் வந்தது.

தொடக்க காலத்தில் அளவுகள் பெரிதாக இருந்தன. அதனால் பக்க விளைவுகளும் கூடுதலாக இருந்தன. அளவை 100 மைக்கிறோகிராமுக்கு மேல் கூட்டினால் நோ பெரிதாகக் குறைவதில்லை, சொறிவு மட்டும் கூடுகிறது என்பதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. இன்றைய சிறிய அளவு அப்படி வந்ததே. ஆகவே இது நாற்பது வருடங்களுக்கு மேலாக, பல நாடுகளில், எண்ணற்ற தாய்மார் கண்ட முறை.

ஏன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை?

காரணம் காசல்ல. முதலாவது, பாதுகாப்பு இரசாயனம் கலவாத மோர்பின் எல்லா வைத்தியசாலைகளிலும் எப்போதும் கைவசம் இருப்பதில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துகள் தட்டுப்பட்டதை நாம் அறிவோம். இரண்டாவது, மோர்பின் சேர்த்த தாயை இரவு முழுவதும் தாதியர் அடிக்கடி வந்து பார்க்க வேண்டும். விடுதியில் ஆட்கள் போதாவிட்டால் வைத்தியர் தயங்குவார். மூன்றாவது, சில தாய்மாரின் உடல்நிலைக்கு அது பொருந்தாது. நான்காவது, பிள்ளையின் உயிரைக் காக்க நிமிடக் கணக்கில் ஓடும் அவசர சீசரில் முழு மயக்கமே கொடுக்க நேரலாம்.

ஆகவே "தரவில்லை" என்றால் கோபிக்க வேண்டாம். ஆனால் "முதுகு ஊசியில் மோர்பின் சேர்க்க இயலாவிட்டால், விறைப்பு விட்டபின் எனக்கு என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கும் வழிகள் உண்டு. பரசிற்றமோல், டைக்குளோபினாக் ஆகியவற்றை நோ தொடங்குமுன்பே, மணிக்கூட்டைப் பார்த்து ஒழுங்காகக் கொடுக்கலாம். வெட்டுக்காயத்தைச் சுற்றி விறைப்பு மருந்து போடலாம். நோ உச்சத்துக்கு ஏறியபின் அடக்குவதைவிட, ஏறவிடாமல் பிடிப்பது இலகு. மோர்பின் சேர்த்தாலும் இந்த மாத்திரைகள் கூடவே தேவை. ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டைக்குளோபினாக்குக்கு முன் அதைச் சொல்ல வேண்டும்.

கடி, ஓங்காளம், மூச்சு

இந்த மருந்துகளால் வரக் கூடியவற்றைத் தெரிந்திருந்தால் பயம் குறையும்.

மிகவும் பொதுவானது கடி. மூக்கு, முகம், நெஞ்சு கடிக்கும். இது ஒவ்வாமை அல்ல. பிள்ளைக்கும் தீங்கில்லை. ஒரு நாளுக்குள் போய்விடும். தாங்க முடியாவிட்டால் சொல்லுங்கள், மருந்துண்டு. ஆனால் உடம்பெங்கும் தடிப்புக் கிளம்பினால், உதடு வீங்கினால், மூச்சிழுத்தால் அது வேறு. உடனே கூப்பிட வேண்டும்.

ஓங்காளமும் சத்தியும் வரலாம். சத்திரசிகிச்சை நேரத்தில் திடீரென்று ஓங்காளமோ தலைச்சுற்றோ வந்தால் அது இரத்த அழுத்தம் இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அதைச் சொன்னவுடனேயே வைத்தியர் மருந்து கொடுத்துச் சரிசெய்வார். கட்டிலை இடப்பக்கம் சரிப்பதும் இதற்காகத்தான்.

மிக அரிதானது, ஆனால் கவனிக்க வேண்டியது, மூச்சு மெதுவாவது. மோர்பின் நெடுநேரம் தங்குவதால் இது பல மணித்தியாலம் கழித்தும் வரலாம். இரவில் தாதி வந்து எழுப்பி, மூச்சை எண்ணி, விரலில் ஒட்சிசன் அளவு பார்ப்பது அதற்காகவே. "நித்திரையைக் குழப்பினம்" என்று முறையிட வேண்டாம். துணைக்கு நிற்கும் அம்மாவும் மாமியும் ஒன்றைக் கவனிக்கலாம். தாய் கூப்பிட்டும் கண் திறக்காமல் ஆழ்ந்து கிடந்தால், மூச்சு மிகவும் ஆறுதலாக வந்தால், ஓடிப்போய்த் தாதியிடம் சொல்லுங்கள். மருந்தின் வேலையை முறிக்கும் மாற்று மருந்து உண்டு. கடுமையான குறட்டை, நித்திரையில் மூச்சு நிற்பது, மிகுந்த உடற்பருமன் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முதுகு ஊசிக்குப் பின் சிலருக்குத் தலையிடி வரும். எழுந்திருந்தால் கூடும், படுத்தால் குறையும். மெல்லிய ஊசிகள் வந்தபின் நூறு பேரில் ஒருவருக்கு அளவிலேயே இது வருகிறது. வீட்டுக்குப் போனபின் வந்தாலும் திரும்பி வந்து காட்டுங்கள். மருந்துண்டு. "பத்தியம் தவறினதால வந்த தலையிடி" என்று வீட்டில் கிடக்க வேண்டாம்.

போரில் காயப்பட்ட சகோதரிகளுக்கு

இந்தப் பகுதியை வெட்டி எடுத்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள்.

எறிகணைத் துண்டு, சன்னம்: உடம்பில் இரும்பு கிடப்பதே முதுகு ஊசிக்குத் தடையாகாது. எங்கே கிடக்கிறது என்பதே முக்கியம். தோளில் கிடக்கும் துண்டு பற்றிக் கவலையில்லை. நாரியிலோ முள்ளந்தண்டுக்குக் கிட்டவோ கிடந்தால், முன்னர் முதுகில் சத்திரசிகிச்சை நடந்திருந்தால், காலில் விறைப்போ பலவீனமோ இருந்தால், வைத்தியர் பழைய படங்களைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். கடிதம் எழுதிய சகோதரிக்கு முதல் முறை முதுகு ஊசியால் பிரச்சினை எதுவும் வரவில்லை என்பது நல்ல செய்தி. அதையும் சொல்ல வேண்டும், துண்டு கிடப்பதையும் சொல்ல வேண்டும். எக்ஸ்றே படமும் வைத்தியசாலை அட்டையும் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பரவாயில்லை. எந்த வருடம், எந்த இடத்தில், என்ன செய்தார்கள் என்று நினைவில் உள்ளதைச் சொன்னாலே உதவும்.

தலைக்காயம்: தலைக்குள் துண்டு கிடந்தாலோ, வலிப்புக்கு மாத்திரை எடுத்தாலோ கட்டாயம் சொல்லுங்கள். ஊசி முறையைத் தெரிவு செய்வதில் அது பெரிய மாற்றத்தைக் கொண்டுவரலாம்.

காலை இழந்தவர்கள்: மிதிவெடியில் கால் போனவர்களுக்கு இல்லாத கால் நோவது தெரியும். முதுகு ஊசி போட்டபின் அந்த நோ சிலருக்குத் திடீரெனத் திரும்பி வரலாம். பல வருடங்களாக நோ இல்லாதிருந்தவர்களுக்கும் இது வந்ததுண்டு. ஏதோ பிழைத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். தற்காலிகமானது, மருந்தால் அடக்கலாம். ஆனால் முன்னரே சொல்லி வைத்தால்தான் வைத்தியர் ஆயத்தமாக இருப்பார். ஊசி போட இருத்தும்போது செயற்கைக் கால் இல்லாமல் சமநிலை தவறும். ஒருவர் பிடித்துக்கொள்ளும்படி கேளுங்கள்.

மனநலத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள்: இதை மறைக்க வேண்டாம். நித்திரைக் குளிசையும் மோர்பினும் சேர்ந்தால் மூச்சு மெதுவாகும் ஆபத்துக் கூடும். அதே நேரம் வெட்கப்பட்டு மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். வைத்தியரிடம் பெயரைச் சொல்லுங்கள், அல்லது மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்.

பழைய நினைவு: பிரகாசமான வெளிச்சம், இரும்புச் சத்தம், முகமூடி போட்ட ஆட்கள், அசையாத கால். காயப்பட்டுக் கிடந்த நாளை அப்படியே கொண்டுவந்து நிறுத்த இவை போதும். முன்கூட்டியே தெரிந்திருப்பது உதவும். கால் விறைப்பது மருந்தால் மட்டுமே. சில மணித்தியாலத்தில் திரும்ப வரும். இழுப்பதும் அமத்துவதும் தெரியும், கூர்மையான நோ தெரியக் கூடாது. தெரிந்தால் உடனே சொல்லுங்கள். தலைமாட்டில் ஒருவர் நின்று கதைத்துக்கொண்டிருக்கும்படி கேட்கலாம். தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடும்படி கேட்கலாம். காரணம் சொல்ல விரும்பாவிட்டால், "எனக்குப் பயம் வாறது, சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ" என்ற ஒரு வசனமே போதும்.

நோவைத் தாங்கத்தான் வேண்டுமா?

கடிதம் எழுதிய சகோதரியின் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. 2009 இன் முதல் மாதங்களில் வன்னியின் தற்காலிக வைத்தியசாலைகளில் மயக்க மருந்து தட்டுப்பட்ட காலத்தை அந்தத் தலைமுறை பார்த்தது. தாங்குவதைத் தவிர அன்று வழி இருக்கவில்லை. அந்தப் பழக்கம் இன்னும் எங்களோடு இருக்கிறது. தாதி வந்து "நோ இருக்கோ?" என்று கேட்டால், "பரவாயில்லை" என்கிறோம். அவரும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்.

"தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பார்கள். நோவை வெளியிலிருந்து எவரும் அளக்க முடியாது. நாங்கள் சொன்னால்தான் தெரியும். சொல்வதில் பிள்ளைக்கும் நன்மை உண்டு. நோ அடங்கிய தாய் முதல் நாளே எழுந்து நடப்பார். காலில் இரத்தம் உறைவது குறையும். ஆழமாக மூச்செடுத்து இருமுவார், சளி கட்டாது. பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுப்பார். முதல் நாட்களின் கடும் நோ அடங்காமல் போனால், அது மாதக்கணக்கில் நீளும் நோவாக மாறும் சாத்தியமும் மனச்சோர்வும் கூடும். ஏற்கனவே மனத்தில் சுமை உள்ளவர்களுக்கு அந்தச் சோர்வு இன்னும் பாரமானது.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை

சீசர் என்று திகதி தந்தவுடன், அல்லது எட்டாம் மாதத்திலேயே, குடும்பநல உத்தியோகத்தரிடமோ கிளினிக் வைத்தியரிடமோ இவற்றைக் கேட்கலாம். ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போனால் பதற்றத்தில் மறக்காது.

1. எனக்கு முதுகு ஊசியா, முழு மயக்கமா? ஏன்?

2. முதுகு ஊசியில் நோவுக்கு வேறு மருந்து சேர்ப்பீர்களா?

3. விறைப்பு விட்டபின் என்ன மருந்து, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு முறை?

4. எனக்கு உள்ள காயம், துண்டு, மாத்திரைகள் பற்றி மயக்கமருந்து வைத்தியருக்கு முன்கூட்டியே அறிவிக்க முடியுமா?

5. சிங்களத்தில் மட்டும் கதைக்கும் வைத்தியர் என்றால், தமிழில் விளங்கப்படுத்த ஒருவர் நிற்பாரா?

கையொப்பம் கேட்கும் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காமல் கையொப்பம் வைக்க வேண்டாம். விளங்கப்படுத்தும்படி கேட்பது அவமரியாதை அல்ல.

வீடு திரும்பியபின் காலில் புதிதாகப் பலவீனம், சலம் மலம் கட்டுப்படாமை, காய்ச்சலோடு கூடிய முதுகு நோ, காயத்தில் சிதழ், எழுந்தால் கூடும் தலையிடி ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை பார்த்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்கள் அம்மாவுக்கும் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். இந்த முறையும் உங்களுக்குத் துணை நிற்கப் போகிறவர் அவர்தான். இரவில் உங்கள் மூச்சைப் பார்க்கவும், நோவென்றால் தாதியைக் கூப்பிடவும் அவர் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்தபின் ஒரு வரி எழுதிப் போடுங்கள். இரண்டாவது பிள்ளை ஆணோ பெண்ணோ என்று அறிய இங்கே எல்லோருக்கும் ஆவல்.

அடுத்த மாதம் சந்திப்போம்.